நிந்தையும் அடைக்கலமும்: மாதவையாவின் ‘கிளாரிந்தா’ பற்றி ஒரு திறனாய்வு

முன்னுரை

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1778ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த அருட்திரு சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா அம்மையாரே அச்சபையின் தலைமகளாகப் போற்றப்படுகிறார். அவர் எழுப்பிய ஆலயத்தை ஊரார் இன்றும் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே அழைக்கின்றனர். ஆண்டு விழாக்களில் அவர் பெயர் நன்றியோடு நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதியைப் பற்றி நம் மேடைகள் பேசத் தயங்குகின்றன. ஊர் பழித்த ஒரு பெண், திருச்சபையும் வாசலில் நிறுத்திவைத்த ஒரு பெண், எவ்வாறு தன் வாழ்வை மீண்டும் கட்டினார் என்பதே அப்பகுதி.

அம்மையாரின் வாழ்க்கையை நாவலாக்கியவர் அ. மாதவையா. மணிமுத்தாற்றில் கூடும் சிறியதொரு வாசகர் வட்டத்தில் இந்நாவலைத் தவக்காலத்தின் வாரங்களில் நாம் சேர்ந்து வாசித்தோம். ஆசிரியர்களும், சபை மூப்பர்களும், பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் தாய்மாரும் அவ்வட்டத்தில் இருந்தனர். வாசிப்பின் முடிவில் மூன்று கேள்விகள் எஞ்சின. நாம் இவ்வம்மையாரைப் போற்றுவது அவர் நெருப்பிலிருந்து தப்பியதற்காகவா, பழியிலிருந்து எழுந்ததற்காகவா? ஒரே உறவில் இருவர் வாழ்ந்திருக்க, ஒருவர் மட்டும் வாசலில் நிறுத்தப்பட்டது ஏன்? இக்கதை இன்று நம் பள்ளிகளுக்கும் சபைகளுக்கும் சொல்வது என்ன? இம்மூன்று கேள்விகளையும் அளவுகோலாகக் கொண்டு இந்நூலையும், நூலுக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

மாதவையா 1872ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். அரசாங்க உப்பு இலாகாவில் பணியாற்றியவர். தமிழ் நாவலின் தொடக்க காலத்தை ஆராய்வோர் எவரும் அவருடைய ‘பத்மாவதி சரித்திர’த்தை விட்டுச்செல்ல இயலாது. விதவைகளின் துயரையும் பொருந்தா மணத்தின் கேட்டையும் ‘முத்துமீனாட்சி’யில் துணிந்து எழுதினார். அவர் கிறிஸ்தவராக மாறியவர் அல்லர். தம் சமூகத்தின் குறைகளை உள்ளிருந்தே கண்டித்த சீர்திருத்தவாதி. அத்தகையவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் கதையை எடுத்துக்கொண்டார் என்பதே நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

‘கிளாரிந்தா’ 1915ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் வாசகர் கையில் அது கிடைப்பதற்கு அறுபது ஆண்டுகள் கடந்தன. சரோஜினி பாக்கியமுத்து அவர்களின் மொழிபெயர்ப்பைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1976இல் வெளியிட்டது. ஆங்கில மூலம் 2005இல் சாகித்திய அகாதெமியின் வழியாக மறுபதிப்புக் கண்டது. ஆதாரமாகக் கிடைத்த வரலாற்றுக் குறிப்புகளோ மிகச் சில. சுவார்ட்ஸ் ஐயரின் எழுத்துகளும், அவற்றைத் தொகுத்து அத்தியட்சர் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாறும், மக்கள் வாயில் வழங்கிய மரபுச் செய்திகளுமே ஆதாரங்கள். எலும்பைப் போன்ற இச்சில செய்திகளுக்குச் சதையும் குருதியும் தந்தது மாதவையாவின் கற்பனை.

இக்கட்டுரையில் நாவலின் பாத்திரத்தைக் ‘கிளாரிந்தா’ என்றும், வரலாற்றில் வாழ்ந்தவரை ‘அம்மையார்’ என்றும் குறிப்பிடுகிறோம். இவ்விருவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்வதனால்தான் நம் பிரசங்கங்களில் குழப்பம் நேர்கிறது.

சிதையின் வெளிச்சம்

நாவலில் கிளாரிந்தா தஞ்சை மராட்டிய அரசின் சூழலில், கல்வியும் நுண்ணறிவும் உடைய பிராமணப் பெண்ணாக வளர்கிறாள். பொருந்தா மணம் அவளைப் பிணிக்கிறது. கணவன் இறந்தபின் உடன்கட்டை ஏற்றப்படுகிறாள். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அவளைச் சிதையிலிருந்து மீட்கிறான். பின்னர் அவனோடு அவள் வாழ நேர்கிறது. நாவலின் உச்சம் இச்சிதைக் காட்சியே. வாசித்து முடித்து வாரங்கள் சென்றபின்னும் வாசகர் மனத்தில் எரிந்துகொண்டிருப்பது அந்நெருப்பே.

ஒரு சீர்திருத்தவாதியின் பேனாவுக்கு இக்காட்சி இயல்பாக வந்து பொருந்துகிறது. உடன்கட்டை என்னும் கொடுமையின்மேல் வாசகருக்குச் சினம் மூளவேண்டும் என்பது ஆசிரியர் நோக்கம். அந்நோக்கத்தில் அவர் வெற்றி பெற்றுள்ளார். உறவினரின் சொல்லழுத்தம், சாத்திரத்தின் பெயரால் எழும் ஆரவாரம், வேடிக்கை பார்க்கத் திரளும் கூட்டம் ஆகியவற்றை இணைத்து, ஒரு பெண்ணை மரணத்துக்குள் தள்ளுவது ஒரு தனி மனிதனின் கை அன்று, ஊர் முழுவதின் கையே என உணர்த்துகிறார். இக்காட்சி தமிழகத்துப் பழிப்புகள் அனைத்திற்கும் ஓர் உருவகமாகவே நிற்கிறது எனலாம்.

எனினும் இவ்வெளிச்சத்துக்கு ஒரு நிழலும் உண்டு. சிதையிலிருந்து மீட்கப்பட்டவள் என்று காட்டியவுடன், அதன்பின் அவள் வாழ்ந்த வாழ்வுக்கு நாம் உடனே மன்னிப்பு வழங்கிவிடுகிறோம். அவளுக்கு வேறு வழியில்லை என்கிறோம். நன்றியினால் உடன் சென்றாள் என்கிறோம். இவ்வாறு அவள் குற்றமற்றவள் என்று நிறுவியபிறகே அவள்மீது இரக்கம் கொள்ள நமக்குத் துணிவு பிறக்கிறது. சிதை என்ற கதை இல்லையாயின் நாம் அவளை மதித்திருப்போமா? வட்டத்தில் ஒரு தாயார் இக்கேள்வியை எழுப்பியபோது எவரும் விடை கூறவில்லை.

சிதையிலிருந்து மீட்ட செய்தி மரபுவழியாக வந்தது. சுவார்ட்ஸ் ஐயரின் குறிப்புகள் அழுத்திச் சொல்வதோ வேறொன்று. பிராமண விதவையொருவர் ஆங்கில அதிகாரி ஒருவருடன் திருமணமின்றி வாழ்ந்தார், அவ்வதிகாரி மணம் செய்துகொள்வதாக வாக்களித்தும் அதனை நிறைவேற்றவில்லை, கிறிஸ்தவ போதனையின் முதற்பாடங்களை அவரிடமிருந்தே அப்பெண் கற்றார், திருமுழுக்கு வேண்டி நின்றார், மறுக்கப்பட்டார். இதில் பாதி வீரமும் இல்லை, நெருப்பும் இல்லை. நிறைவேறாத ஒரு வாக்குறுதியின் நடுவே, தன் குலத்தாலும் புதிய சமயத்தாலும் ஒருங்கே புறந்தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் நீண்ட நாட்கள் மட்டுமே உள்ளன. இந்த நாட்களே நமக்கு அதிகமாய்த் தேவைப்படுவன. ஏனெனில் பழிக்குள் வாழ்வோரில் பெரும்பாலோர் சிதையிலிருந்து வந்தவர் அல்லர். தவறியும் ஏமாந்தும் நம்பியும் வீழ்ந்தவர்களே அவர்கள். குற்றமற்றவர்க்கு மட்டுமே இரங்கும் இரக்கம் நற்செய்தியின் இரக்கம் ஆகாது.

மறுக்கப்பட்ட திருமுழுக்கு

இரண்டாவது கேள்வியை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சுவார்ட்ஸ் ஐயர் கொடியவர் அல்லர். தென்னகத்தில் அவரைப்போல் எல்லா மதத்தாரின் நம்பிக்கையையும் பெற்ற மிஷனரி அக்காலத்தில் அரியர். தஞ்சை அரசரும், ஆங்கில அதிகாரிகளும், ஏழை மக்களும் அவர் சொல்லை நம்பினர். அத்தகையவர் ஒழுங்குமுறையின் பொருட்டே மறுத்தார். திருமணமின்றி வாழும் ஒருவருக்குத் திருமுழுக்கு அளித்தால் இளஞ்சபையின் சாட்சி கெடும் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

ஆயினும் அந்த நியாயம் யார்மேல் விழுந்தது என்பதை ஆராயவேண்டும். லிட்டில்டன் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர். அவர் எவ்வாசலிலும் காத்துநிற்க வேண்டிய தேவையில்லை. வாக்களித்து நிறைவேற்றாதவர் அவர். வாக்கை நம்பிக் காத்திருந்தவர் அம்மையார். ஆனால் ஒழுங்குமுறை என்னும் கதவு, உள்ளே இருந்தவரைத் தொடாமல், வெளியே நின்றவர் முகத்தில் மட்டும் மூடிற்று. பழி என்பது செய்த செயலின் அளவுக்கேற்ப அன்றி, நிற்கும் இடத்தின் தாழ்வுக்கேற்பப் பங்கிடப்படுகிறது. இவ்வுண்மையை மிஷன் வரலாறுகள் எழுதியும் உணரவில்லை. மாதவையா உணர்ந்தும், ஒழுங்கைக் காக்க விரும்பும் போதகரின் மன இடுக்கண்ணையும் அவமதிக்காமல் நடுநிலையோடு எழுதுகிறார். கிறிஸ்தவர் அல்லாத ஓர் எழுத்தாளர் நமக்குச் செய்த தொண்டு இது. நம் வீட்டின் முற்றத்தை நமக்கே காட்டினார்.

திருமறையில் இதற்கு ஒப்பான நிகழ்ச்சிகள் பல. யோவான் எட்டாம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்டதாகக் கூறி ஒரு பெண்ணை மட்டும் இழுத்து வருகின்றனர். உடன் இருந்த ஆடவன் அங்கே இல்லை. ஆண்டவர் அவ்வநீதியைப் பற்றி விவாதம் செய்யவில்லை. கல் ஏந்திய கைகளையே கேள்விக்குள்ளாக்கினார். இப்பகுதியை நாம் ஆண்டுதோறும் பிரசங்கித்து வருகிறோம். ஆனால் கூட்டம் கலைந்துபோன பிறகு அந்தப் பெண் எந்தத் தெருவுக்குத் திரும்பினாள், யார் வீட்டில் உணவருந்தினாள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அம்மையாரின் பாளையங்கோட்டை நாட்கள் நமக்கு விளங்கியிருக்கும்.

விடுபட்ட நடுப்பகுதி

அதிகாரியின் படைப்பணி காரணமாக அம்மையார் பாளையங்கோட்டைக்கு வந்தார். அங்கே அவருக்கு உறவு இல்லை. தஞ்சைக் குலம் துறந்துவிட்டது. ஆங்கிலேயர் வட்டாரத்தில் மனைவி என்ற பெயரும் இல்லை. சபையில் உறுப்பினர் என்ற இடமும் இல்லை. பின்னர் லிட்டில்டன் இறந்தார். எல்லாப் பெயர்களையும் இழந்த ஒருவர் ஊரைவிட்டு மறைவதுதான் உலக வழக்கு. அம்மையார் மறையவில்லை. தாம் அறிந்த விசுவாசத்தைத் தம்மைச் சூழ்ந்திருந்த எளியோருக்குச் சொன்னார். பெற்ற செல்வத்தை அவர்களுக்காகச் செலவிட்டார். 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்குத் திருமுழுக்கு அளித்தபோது, அது ஒரு புதிய தொடக்கம் என்பதைவிட, சபைக்கு முன்னரே தொடங்கிவிட்ட ஒரு வாழ்வுக்குச் சபை தந்த காலந்தாழ்ந்த ஒப்புதல் என்பதே பொருந்தும்.

இரண்டாண்டுகளுக்குப் பின் 1780இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலில் நாற்பது பேர் இடம்பெற்றனர், முதற்பெயர் அம்மையாருடையது. பல சாதியினர் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டனர். திருமணமின்றி வாழ்ந்தார் என்று முன்னர் வாசலில் நிறுத்தப்பட்டவரின் பெயருக்குக் கீழே அவர்கள் தங்கள் பெயரை எழுதத் தயங்கவில்லை. பழிக்கப்பட்டவர் இருக்கும் இடத்தில் தாங்கள் பழிக்கப்படமாட்டோம் என்பதை எளியோர் விரைந்து அறிந்துகொள்வர்.

அம்மையார் ஊழியர் வேண்டி சுவார்ட்ஸ் ஐயரிடம் மன்றாடினார், உபதேசியார் அனுப்பப்பட்டார். ஆங்கிலேயர் சிலரின் உதவியோடு அவர் கட்டிய ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து அர்ப்பணம் செய்தார். 1790இல் குருவாக அபிஷேகம் பெற்ற சத்தியநாதன் பின்னர் இச்சபைக்கு வந்து ஊழியம் செய்தார். அவ்வழியே தெற்கே பரவிய விசுவாசத்தின் காரணமாகத் துன்புறுத்தப்பட்டோர்க்கு 1799இல் முதலூர் என்னும் அடைக்கல ஊர் தோன்றியது. அடைக்கலம் தேடிய ஒருத்தியிடமிருந்து தொடங்கிய சபை, ஒரு தலைமுறைக்குள் அடைக்கலம் தரும் ஊரைக் கண்டது. அம்மையார் வெட்டுவித்தது என்று ஊரார் சொல்லும் ஒரு கிணற்றையும் பாளையங்கோட்டை நினைவில் வைத்துள்ளது. மறுபிறப்பு என்னும் சொல்லுக்குக் கிணற்றைவிடச் சிறந்த விளக்கவுரை எழுதல் அரிது. தாகத்தின் இடம் தாகம் தீர்க்கும் இடமாயிற்று.

ஒரு குறையையும் இங்குச் சொல்லவேண்டும். பிற்காலத்தார் ஆலயத்துக்கு இட்ட பெயர் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்பதாகும். பழியை மறந்த மக்கள் சாதியை மறக்கவில்லை. ஒரு பெண்ணின் இழிவு நீங்கியவுடன் அவர்கள் அவரை அழைக்கத் தெரிவு செய்த பெயர் அவருடைய குலப்பெயரே. இதனை நாம் அன்பின் வழக்காகக் கொள்ளலாம். ஆயினும், பிறந்த குலம் கொண்டு ஒருவரை உயர்த்தும் நாவே பிறந்த குலம் கொண்டு மற்றொருவரைத் தாழ்த்தும் என்பதையும் நினைவில் வைத்தல் நல்லது. கட்டுரையின் இறுதிப் பகுதி இதனையே தொடும்.

நாவலின் பெரும் இழப்பு இவ்விடத்தில்தான் உள்ளது. மாதவையா சிதையை எழுதிய ஆற்றலோடு, அதன்பின் வந்த மெதுவான நாட்களை எழுதவில்லை. மிஷன் வரலாறுகளும் இப்பகுதியைத் தாண்டி ஆலயக் கல்லுக்கு வந்துவிடுகின்றன. ஒரு புறம் நாவல் நெருப்பை வைத்து அவரைத் தூய்மைப்படுத்துகிறது. மறுபுறம் வரலாறு ஆலயத்தை வைத்துத் தூய்மைப்படுத்துகிறது. இருவரும் அஞ்சியது நடுவில் உள்ள காலத்தையே. அதாவது, பழி இன்னும் நீங்காதபோதே ஒருவர் பயனுள்ளவராய் வாழ்ந்த காலத்தை.

தற்காலத்து ஓர் ஒப்பு

இந்த நடுக்காலத்தைத் தாமே எழுதிய ஒருவரை நம் காலம் கண்டுள்ளது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டனோடு தொடர்புபடுத்தப்பட்டு மோனிக்கா லெவின்ஸ்கி என்னும் இளம்பெண்ணின் பெயர் உலகெங்கும் சிரிப்புக்குரியதாயிற்று. அவருக்கு அப்போது வயது 24. இணையம் பரவத் தொடங்கிய நாட்கள் அவை. ஒரு தனி மனிதரின் இழிவை ஒரே நாளில் கண்டங்கள் கடந்து கொண்டுசேர்த்த முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. குடியரசுத் தலைவர் 1999இல் செனட் சபையால் விடுவிக்கப்பட்டு, தம் பதவிக்காலத்தை முடித்து இறங்கினார். அப்பெண்ணின் பெயரோ ஆண்டுகள் பலவற்றுக்கு நகைச்சுவையாளரின் கருவியாய்க் கிடந்தது. தஞ்சையில் ஒருவரை விட்டு மற்றவர் முகத்தில் மூடிய கதவை இங்கும் காண்கிறோம்.

அவர் சிறிது காலம் பொதுவாழ்விலிருந்து விலகியிருந்து, 2006இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூக உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 2010இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர் ஒருவர், தம் அந்தரங்கத்தைச் சக மாணவர் இணையத்தில் வெளிப்படுத்தியதால் உயிர்நீத்தார். அச்செய்தி தம் தாயை நிலைகுலையச் செய்ததையும், தம் அவமானத்தைப் பிறருக்குப் பயன்படுத்த வேண்டும் என்று தமக்குத் தோன்றியதையும் அவர் பின்னர்க் கூறியுள்ளார். 2014இல் தம் அனுபவத்தை எழுதினார். 2015இல் வான்கூவரில் அவமானத்தின் விலையைப் பற்றி உரையாற்றினார். அதன்பின் இணையத்தில் நிகழும் கொடுமைப்படுத்தலை எதிர்த்துப் பேசுவதே அவர் பணியாயிற்று. 2018இல், தாம் முன்னர் இருவரின் இசைவு என்று விளக்கியதை அதிகாரத்தின் ஏற்றத்தாழ்வு என்னும் கோணத்திலிருந்து மீண்டும் எண்ணிப்பார்ப்பதாகவும் எழுதினார்.

இவ்விருவரின் வாழ்க்கையையும் நாம் சமன்படுத்தவில்லை. ஒருவர் பேரரசின் தலைநகரத்தவர். மற்றவர் கோட்டை ஊரின் விதவை. ஒருவர் விசுவாசத்தால் எழுந்தார். மற்றவரைப் பற்றி அவ்வாறு நாம் சொல்லமுடியாது. ஒப்பு ஒன்றே. இருவரும் தம் கதையை அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கவில்லை. பழித்த ஊருக்குள்ளேயே, பழிக்கப்பட்ட பெயரோடேயே, பழிக்கப்படுவோர்க்கு ஆதரவாக நின்றனர். மேலும், முந்தையவரைப் பற்றிப் பெரும்பாலும் பிறரே எழுதினர். பிந்தையவர் தம் சொல்லைத் தாமே எழுதினார். அதனாலேயே அம்மையாரின் நடுக்காலத்தை ஊகிக்க நமக்குத் துணை கிடைக்கிறது. யோவான் நான்காம் அதிகாரத்துச் சமாரியப் பெண் தன் கதையை மறைத்துக்கொண்டு ஊருக்குள் ஓடவில்லை. தன்னைப் பற்றி எல்லாம் அறிந்த ஒருவரைக் கண்டேன் என்றே ஊராரிடம் சொன்னாள். அறியப்பட்ட பின்னும் வெட்கமின்றி நிற்க இயல்வதே மீட்பின் அடையாளம்.

மணிமுத்தாற்றிலிருந்து பார்க்கும்போது

இனி மூன்றாவது கேள்வி. மணிமுத்தாற்றில் 1950களில் கட்டப்பட்ட அணை 118 அடி நீரைத் தேக்கும். ஆறு தாமிரபரணியோடு கலக்கிறது. கால்வாய் தெற்கே நாங்குநேரிப் பக்கத்து வறண்ட நிலங்களுக்கு நீர் கொண்டுசெல்கிறது. அந்த நாங்குநேரியில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள் இரவு, பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தாழ்த்தப்பட்ட சமுதாயத்து மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் தம் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியோரும் பள்ளிச் சிறுவர்களே. சாதியின் பேரால் அம்மாணவரைச் சிறுமைப்படுத்தி, குற்றேவல் செய்யவைத்து, அவர் அதனைப் பள்ளியில் தெரிவித்ததற்குப் பழிவாங்கலாக இது நடந்தது. மாணவர் பிழைத்து, மறுஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் நன்மதிப்பெண்களோடு தேறினார்.

தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்ட ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதம் அவர் அளித்த அறிக்கை, சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளும் வளையங்களும் பள்ளிகளில் தடைசெய்யப்பட வேண்டும் என்பது முதலிய பரிந்துரைகளைக் கொண்டது. முன்னரே, 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையில் கொல்லப்பட்டதன் தொடர்ச்சியாக, 1997இல் தமிழ்நாட்டில் அதனைத் தடுக்கும் சட்டமும் வந்தது. சட்டம் கையைப் பிடிக்கும். நாவையும் கண்ணையும் பிடிக்கச் சட்டத்தால் இயலாது. அது வீட்டின் வேலை, பள்ளியின் வேலை, திருச்சபையின் வேலை.

நாங்குநேரி மாணவரின் துன்பமும் அம்மையாரின் பழியும் வெவ்வேறானவை என்பதை மறுக்கவில்லை. அவர் எந்தத் தவறும் செய்யாதவர். ஆனால் இரண்டையும் இயக்குவது ஒரே ஊர்வாய். ஒருவரை எதற்காகவாவது தாழ்ந்தவராக்கி, கூட்டமாய் நின்று நகைத்து, தான் பாதுகாப்பாய் நிற்பதாக எண்ணும் அதே ஊர்வாய். இன்று அதற்குக் கைப்பேசி கிடைத்துள்ளது. இளம்பெண் ஒருத்தியின் படம் ஊர் முழுதும் சுற்றும்போது, நம் சபைகளில் முதலில் எழும் கேள்வி, ‘இவள் எப்படிப்பட்டவள்?’ என்பதே. ‘இதைப் பரப்பியவர் யார்?’ என்பது பிறகே வருகிறது. பலமுறை வருவதே இல்லை. சிலரை நாம் திருவிருந்திலிருந்து விலக்குகிறோம். பாடகர் குழுவிலிருந்து நீக்குகிறோம். திருமணப் பேச்சை நிறுத்துகிறோம். விலக்கப்பட்டவர் மட்டுமே ஊருக்குத் தெரிகிறார். பரப்பியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இதன் பொருள் ஒழுங்குமுறையே வேண்டாம் என்பதன்று. ஒழுங்குமுறை எவர்மீதும் ஒரேபோல் விழவேண்டும் என்பதும், விழுந்த பின்னும் அவருக்குச் சபையில் வேலை இருக்கவேண்டும் என்பதுமே. பாளையங்கோட்டையில் அம்மையாருக்குக் கிடைத்தது என்ன என்று எண்ணிப்பார்த்தால் மூன்று பொருள்கள் தென்படும். முதலாவது, தம்மைச் சுற்றி நிற்க முன்வந்த எளிய மனிதர். இரண்டாவது, தம் கையால் செய்யத்தக்க பணி. மூன்றாவது, காலந்தாழ்ந்தாலும் தம்மைப் பெயர்சொல்லி அழைத்த ஒரு போதகர். இம்மூன்றும் நம் சபைகளில் இன்று கொடுக்கக்கூடியவை. ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர், வகுப்பில் ஒதுக்கப்படும் பிள்ளையின் அருகில் அமர்வதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டியதில்லை. சபைக் குழுவில் ஒருவருடைய விவகாரம் வரும்போது, பரப்பியவரையும் அழைத்து விசாரிப்பதற்குப் புதிய விதி வேண்டியதில்லை. பழி தாங்கி எழுந்த ஒருவரை இளைஞர் கூட்டத்தில் பேச அழைப்பதற்கும் துணிவு ஒன்றே போதும். பழிக்கப்பட்டவரே பழிக்கப்படுவோரின் மொழியை அறிவார். அவரை மௌனமாக்கும் சபை, தன் மேய்ப்பர்களில் ஒருவரை இழக்கிறது.

இவ்விடத்தில் எபிரெயர் நிருபத்தின் இறுதி அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. ஆண்டவர் பாளையத்துக்கு வெளியே பாடுபட்டார். ஆகவே நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து வெளியே செல்லவேண்டும் என்பது அதன் கருத்து. பாளையங்கோட்டை என்னும் ஊர்ப்பெயரிலேயே ‘பாளையம்’ உள்ளது. வெளியே தள்ளப்பட்ட ஒருத்தியைக் கொண்டே அப்பாளையத்தில் ஆண்டவர் தமக்கு ஆலயம் கட்டினார். இதனை உணர்ந்தால், கிளாரிந்தா விழா ஒரு குலப்பெருமை விழாவாக முடியாது.

முடிவுரை

மாதவையாவின் ‘கிளாரிந்தா’ குறைகளோடு கூடிய நல்ல நூல். உடன்கட்டையின் கொடுமையையும், சமய வேறுபாட்டைக் கடந்த மனித அன்பையும், ஒரு போதகரின் மனப்போராட்டத்தையும் மறவாதபடி எழுதியது அதன் பலம். ஒரு பெண்ணை மதிப்பதற்கு முன் அவளைக் குற்றமற்றவளாக்க முயன்றது அதன் பலவீனம். அப்பலவீனம் ஆசிரியருடையது மட்டும் அன்று. வாசகராகிய நம்முடையதும் ஆகும். சரோஜினி பாக்கியமுத்து அவர்களின் தமிழ்நூலைச் சபை நூலகங்களும் பெண்கள் ஐக்கியங்களும் தேடியெடுத்து வாசித்தல் வேண்டும். வாசிக்கும்போது சிதைக்காட்சியோடு நின்றுவிடாமல், அதன்பின் எழுதப்படாமல் விடப்பட்ட ஆண்டுகளை உரையாடலால் நிரப்புதல் வேண்டும்.

சபை வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1778ஆம் ஆண்டை மாணவர் மனப்பாடம் செய்யட்டும். அதனோடு, அதற்கு முந்தைய மறுப்பையும் அவர்கள் எழுதட்டும். அம்மையார் திருமுழுக்குக்கு முன்னரே நம்மவராயிருந்தார் என்று எழுதட்டும். அவ்வாறு கற்ற மாணவர் நாளை ஒரு சபையில் போதகராக நின்று, வாசலில் ஒருவர் தயங்கி நிற்பதைக் காணும்போது, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதற்கு முன், உள்ளே வந்து அமருங்கள் என்று சொல்வார்.